குரூம் ஏரியின் எரிகுழிகள்: பெயர் சொல்லாத தொழிலாளர்கள் தொடுத்த வழக்கு

எந்த நிகழ்வு, ஏன்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே பாலைவனத்துக்குள், குரூம் ஏரி என்ற வறண்ட உப்புப் படுகை இருக்கிறது. அதன் கரையிலுள்ள ராணுவத் தளத்தை உலகம் ஏரியா 51 என்று அழைக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள், பறக்கும் தட்டுகள் என்று அந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அங்கே கூலிக்கு வேலை செய்த மனிதர்களுக்கு என்ன ஆனது என்று எழுதப்பட்டது மிகக் குறைவு.

இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது. 1980களில் அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் சிலர், திறந்த குழிகளில் எரிக்கப்பட்ட கழிவின் புகையால் நோய்வாய்ப்பட்டதாகச் சொன்னார்கள். எந்த ரசாயனத்தைச் சுவாசித்தோம் என்று அரசிடம் கேட்டார்கள். 1994 முதல் 1998 வரை நடந்த வழக்கின் முடிவில் அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. எந்தெந்தக் கட்டத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், அதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன, எங்கே வேறு வழி இருந்தது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். தொழிலாளர்கள் பெயர் வெளியிடாமல்தான் வழக்குத் தொடுத்தார்கள். இங்கேயும் அவர்களுக்கோ அவர்கள் குடும்பத்தினருக்கோ பெயர் தரவில்லை.

பின்னணி: ஏரிப் படுகை தளமான கதை

1955 ஏப்ரலில் சிஐஏவைச் சேர்ந்த ரிச்சர்ட் பிஸ்ஸலும், லாக்ஹீட் நிறுவனத்தின் விமான வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சனும் ஒரு சிறு விமானத்தில் வந்து அந்தப் படுகையைப் பார்த்தார்கள். சோவியத் யூனியனுக்கு மேலே மிக உயரத்தில் பறந்து படம் எடுக்கக்கூடிய யு-2 விமானத்தைச் சோதிக்க, கண்ணில் படாத ஓர் இடம் தேவைப்பட்டது. குரூம் ஏரி எல்லா வகையிலும் பொருந்தியது. படுகை இயற்கையாகவே ஓடுபாதை போலச் சமமாக இருந்தது, சுற்றிலும் மலை, பக்கத்தில் அணுகுண்டுச் சோதனைத் திடல். அந்தத் திடல் ஏற்கனவே அணுசக்தி ஆணையத்தின் காவலில் இருந்ததால், ஏரியை ஒட்டிய நிலத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ள அதிபர் ஐசனோவர் ஒப்புதல் அளித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே யு-2 அங்கிருந்து பறந்துவிட்டது.

பக்கத்துத் திடலில் குண்டு வெடித்தால் அதன் கதிரியக்கத் தூசி எங்கே போகும்? 1957இல் அங்கே நடந்த சோதனை வரிசையின்போது குரூம் ஏரித் தளத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வேலை செய்பவரின் உடல்நலம் ஆரம்பத்திலிருந்தே இரண்டாம்பட்சம்தான் என்பதற்கு இதை ஒரு முன்குறிப்பாகவே பார்க்கிறேன்.

அப்புறம் ஒலியைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம் கொண்ட ஏ-12 உளவு விமானம் 1962 ஏப்ரலில் அங்கே முதன்முதலாகப் பறந்தது. சோவியத் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும் நேரம் முன்கூட்டியே கணிக்கப்பட்டு, அந்த நேரத்தில் விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளி மறைப்பது அங்கே வாடிக்கையாக இருந்தது. 1970களின் இறுதியில் தளத்தின் பொறுப்பு சிஐஏவிடமிருந்து விமானப்படைக்குப் போனது. ரேடாரில் தென்படாத விமானங்களுக்கான ஆராய்ச்சி அப்போது தொடங்கிவிட்டிருந்தது. 1977 டிசம்பரில் ஹேவ் புளூ என்ற முன்மாதிரியும், 1981 ஜூனில் எஃப்-117 போர் விமானமும் அங்கே முதலில் பறந்தன. எஃப்-117 என்று ஒன்று இருப்பதையே அமெரிக்க அரசு 1988 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டது.

இந்த வழக்குக்கு மிக முக்கியமான விஷயம் இங்கே இருக்கிறது. ரேடார் அலையை உறிஞ்சுவதற்காக அந்த விமானங்களுக்கு விசேஷப் பூச்சுகளும் பிசின்களும் கூட்டுப்பொருட்களும் பயன்பட்டன. எந்தப் பொருள், எந்த விகிதம் என்பதே ரகசியம். ஆகவே மிச்சமாகும் பூச்சு, கரைப்பான், துடைத்த துணி, காலி டப்பா எல்லாமே ரகசியக் கழிவு ஆகிவிட்டன. சாதாரணத் தொழிற்சாலை என்றால் பீப்பாயில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு மையத்துக்கு அனுப்பியிருப்பார்கள். குரூம் ஏரியில் அப்படிச் செய்தால் பீப்பாயோடு ரகசியமும் வெளியே போகும் என்று கருதினார்கள்.

தளத்தைச் சுற்றிய நிலத்தை அரசு எப்படி எடுத்துக்கொண்டது என்பதும் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும். 1984இல் குரூம் மலைத்தொடரின் சுமார் 89,000 ஏக்கர் பொது நிலத்துக்குள் யாரும் போக முடியாதபடி ஆயுதக் காவலர்கள் தடுக்கத் தொடங்கினார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் அதற்குப் பிறகுதான் வந்தது. எந்தச் சட்ட அதிகாரத்தில் தடுத்தீர்கள் என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது, சட்ட அதிகாரம் இருக்கவில்லை என்பதை விமானப்படைத் தரப்பே ஒப்புக்கொண்டது. முதலில் செய்துவிட்டு, சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அங்கே நடைமுறையாக இருந்தது.

வேலைக்குப் போனவர்கள்

தளத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் ராணுவத்தினர் அல்லர். ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குச் சேர்ந்த தகடு வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள். லாஸ் வேகாஸ் விமான நிலையத்தின் ஒரு மூலையிலிருந்து, பெயர் எழுதாத, சிவப்புக் கோடு மட்டும் போட்ட விமானத்தில் போய் வருவார்கள். வேலையில் சேரும்போதே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து. மீறினால் சிறை. எங்கே வேலை செய்கிறோம் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது.

ஒருவருக்கு வேலையிடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் அவருக்கு வழக்கமாக உதவுகிறவர்கள் மருத்துவர், தொழிற்சங்கம், இழப்பீட்டு அலுவலகம், தொழிற்சாலை ஆய்வாளர். இந்த நான்கு பேரிடமும் பேச முடியாதபடி அந்தக் கையெழுத்து அவர்களைத் தடுத்தது. நோய் வருவதற்கு முன்பே, நோய் வந்தால் போக வேண்டிய எல்லாக் கதவுகளும் மூடப்பட்டிருந்தன.

என்ன பார்த்தார்கள்

தொழிலாளர்கள் தங்கள் மனுக்களிலும் பின்னர் வழக்கறிஞர் வழியாகவும் சொன்னது இதுதான். தளத்தில் நீளமான குழிகள் வெட்டப்பட்டிருந்தன. தளத்தின் கழிவுப் பீப்பாய்களோடு, கலிபோர்னியாவிலுள்ள ஆலைகளிலிருந்து லாரியில் வந்த பீப்பாய்களும் அவற்றில் போடப்பட்டன. ஜெட் எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். இது ஏதோ ஒரு நாள் நடந்ததல்ல, 1980களில் வழக்கமாகவே நடந்தது. அடர்ந்த புகை வேலை நடக்கும் இடங்களுக்குள் பரவியது. முகமூடியும் பாதுகாப்பு உடையும் கேட்டபோது கிடைக்கவில்லை.

இவை குற்றச்சாட்டுகள். எந்த நீதிமன்றமும் இவற்றை உண்மையென்றோ பொய்யென்றோ தீர்ப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் விசாரணை அந்தக் கட்டத்துக்கு வரவே இல்லை. ஆனாலும் சட்டத்தின் நிலை தெளிவானது. 1976இல் நிறைவேறிய வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டப்படி, அபாயகரமான கழிவை உரிமம் இல்லாமல் திறந்த குழியில் எரிப்பது குற்றம். அந்தச் சட்டம் அரசுத் துறைகளையும் கட்டுப்படுத்தும்.

திறந்த தீயில் எரிப்பது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் கலந்த கரைப்பான்களும் பிளாஸ்டிக்கும் மிக உயர்ந்த வெப்பத்தில், தகுந்த உலையில் எரிந்தால் பெரும்பாலும் சிதைந்துவிடும். குழியில் அந்த வெப்பம் வராது. அரைகுறையாக எரியும்போது டையாக்சின், ஃபியூரான் வகைச் சேர்மங்கள் உருவாகும். இவை உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். தோலில் கட்டியும் தடிப்பும் வருவது இவற்றின் அறியப்பட்ட விளைவுகளில் ஒன்று.

பலருக்குத் தோலில்தான் முதலில் தெரிந்தது. சொறி, வெடிப்பு, மீன் செதில் போல உரியும் தடித்த தோல். சிலருக்கு மூச்சுத் தொல்லை. மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த வேலை செய்கிறீர்கள், எந்த ரசாயனத்தைக் கையாள்கிறீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. பல நேரம் பதிலும் தெரியாது, ஏனென்றால் பீப்பாயில் என்ன இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

தகடு வேலை செய்த ஒருவர் 1989இல் இறந்தார். அவருக்கு வயது 57. அவருடைய திசு மாதிரி ஒரு பல்கலைக்கழக உயிர்வேதியியலாளரிடம் ஆய்வுக்குப் போனது. டையாக்சின், டைபென்சோஃபியூரான் உள்ளிட்ட சேர்மங்கள் அதிக அளவில் இருந்ததாக முடிவு வந்தது. அதே தொழில் செய்த இன்னொருவர் வழக்கு நடந்துகொண்டிருந்த 1995இல் புற்றுநோயால் இறந்தார். இந்த இருவரின் மனைவியரும் மனுதாரர்களாக நின்றார்கள்.

முதல் முடிவு: நீதிமன்றத்துக்குப் போவது

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜொனதன் டர்லி 1994இல் இவர்களுக்காக இரண்டு வழக்குகளைத் தாக்கல் செய்தார். ஒன்று பாதுகாப்புத் துறை, விமானப்படை முதலியவற்றின் மீது, கழிவுச் சட்டத்தை மீறியதற்காக. மற்றொன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மீது, அந்தத் தளத்தை ஆய்வு செய்யும் கடமையைச் செய்யாததற்காக. தொழிலாளர்கள் ஜான் டோ என்ற மாற்றுப் பெயரில் வந்தார்கள். உறுதிமொழியை மீறியதாகத் தங்கள் மீது நடவடிக்கை வரும் என்ற பயம் உண்மையானது.

அவர்கள் பணம் கேட்டுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன எரிக்கப்பட்டது என்ற தகவல் வேண்டும், அதைக் கொண்டு சிகிச்சை பெற வேண்டும், சட்டமீறல் நடந்திருந்தால் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. கழிவுச் சட்டத்தின் கீழ் சாதாரணக் குடிமகனே அரசுத் துறைமீது வழக்குப் போடலாம் என்பதால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். உளவு விமானத்தைப் பற்றியோ ரேடார் பூச்சைப் பற்றியோ வாதாடாமல், குப்பையைப் பற்றி மட்டும் வாதாட அந்தச் சட்டம் இடம் கொடுத்தது.

முகமைக்கு எதிரான வழக்கில் ஓரளவு பலன் கிடைத்தது. வழக்கு வந்த பிறகு, 1994 இறுதியிலும் 1995 தொடக்கத்திலும், முகமை தளத்துக்குள் போய் ஆய்வு செய்தது. முன்பு எந்த ஆய்வாளரும் போகாத இடத்துக்கு ஒருவரைப் போகவைத்ததே இந்தத் தொழிலாளர்களின் சாதனை. ஆனால் ஆய்வில் என்ன கண்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அரசுத் தரப்பின் முடிவுகள்

அரசு எடுத்த முதல் நிலை, அந்தத் தளத்தின் பெயரைச் சொல்ல மறுப்பது. நெவாடாவின் வரைபடங்களிலும், சோவியத் செயற்கைக்கோள் எடுத்து விற்பனைக்கு வந்த படங்களிலும் தெரிந்த ஓர் இடத்தை, நீதிமன்றத்தில் குரூம் ஏரியருகே உள்ள செயல்பாட்டு இடம் என்பதற்கு மேல் குறிப்பிட அவர்கள் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது, அரசு ரகசிய விலக்குரிமையைக் கோருவது. அதாவது, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு தகவலை நீதிமன்றத்திலும் தர மறுக்கும் உரிமை. விமானப்படைச் செயலர் ஷீலா விட்னால் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அதில் ஒரு பகுதி பொதுவானது, இன்னொரு பகுதி நீதிபதி மட்டும் தனியே படிப்பதற்கானது. மனுதாரர்களின் வழக்கறிஞர் அதைப் பார்க்க முடியாது. வெளியிடக் கூடாதவை என்று அரசு வகைப்படுத்தியதில் திட்டங்களும் ராணுவத் திறன்களும் மட்டும் இல்லை, பாதுகாப்புச் சார்ந்த சுற்றுச்சூழல் தரவுகளும் இருந்தன. மண், நீர், காற்று மாதிரிகளிலிருந்து அங்கே எந்தப் பொருட்கள் பயன்பட்டன என்பதை எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்பது காரணம்.

இந்த வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ரேடாருக்குப் புலப்படாத பூச்சின் வேதியியல் உண்மையிலேயே மதிப்புள்ள ரகசியம். சாம்பலிலிருந்து மூலப்பொருளைக் கணிக்க முடியும் என்பதும் அறிவியல்ரீதியாகச் சரி. ஆனால் அதே அறிவியல் வேறொன்றையும் சொல்கிறது: சாம்பலை ஆராய்ந்தால் எதிரிக்குப் பூச்சு தெரியும் என்றால், தொழிலாளியின் நோய்க்கான காரணமும் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. முதலாவதைக் காக்க இரண்டாவதைக் கைவிட்டார்கள். இரண்டையும் பிரித்துக் கையாள வழி தேடியதாக வழக்கின் பொதுப் பதிவுகளில் எங்கும் தெரியவில்லை.

மூன்றாவது முடிவுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. தளத்தின் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான கையேடு என்று சொல்லப்பட்ட ஓர் ஆவணத்தை டர்லி சான்றாகக் கொடுத்தார். அது ஏற்கனவே பலர் கைக்குப் போயிருந்தது. இணையத்திலும் கிடைத்தது. சான்றாக வந்த பிறகு அரசு அதை ரகசியம் என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழகத்தில் இருந்த வழக்கறிஞரின் அலுவலகத்துக்கே சீல் வைக்கப்பட்டது. தன் கட்சிக்காரருக்காக அவர் திரட்டிய காகிதங்களை அவரே சுதந்திரமாகக் கையாள முடியாத நிலை. அதே கையேட்டை உலகில் யார் வேண்டுமானாலும் கணினியில் படிக்கலாம், அந்த நீதிமன்றத்தில் மட்டும் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

அதிபரின் கையெழுத்து

முகமையின் ஆய்வறிக்கையை வெளியிட வேண்டுமா என்ற கேள்விக்கு 1995இல் நீதிபதி ஒரு முக்கியமான பதில் சொன்னார். கழிவுச் சட்டப்படி ஆய்வு முடிவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும், அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் அதை அதிபர்தான் தர வேண்டும். தொழிலாளர்களுக்குச் சாதகமாகத் தெரிந்த அந்த உத்தரவு சில வாரங்களே நிலைத்தது. 1995 செப்டம்பர் 29 அன்று அதிபர் பில் கிளிண்டன் விலக்கு உத்தரவில் கையெழுத்திட்டார்.

இந்த உத்தரவைப் பற்றிப் பலரும் தவறாகவே எழுதுகிறார்கள். தளத்துக்கு எந்தச் சுற்றுச்சூழல் சட்டமும் பொருந்தாது என்று கிளிண்டன் சொல்லிவிட்டதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. உத்தரவு அப்படிச் சொல்லவில்லை. நாட்டின் தலையாய நலன் கருதி, ரகசியத் தகவலை அங்கீகாரம் இல்லாதவர்களுக்கு வெளியிடக் கோரும் விதிகளிலிருந்து மட்டும் விலக்கு தருகிறது. மற்றச் சட்டக் கடமைகள் அப்படியே நிற்கும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதாவது கழிவை எரிப்பதற்கு அனுமதி தரவில்லை. எரித்தார்களா என்று வெளியில் யாரும் தெரிந்துகொள்ள முடியாதபடி மட்டும் செய்தது. நோயாளியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் அடுத்து இப்படி ஒரு வழக்கை நடத்துபவருக்கு வித்தியாசம் உண்டு: கடமை இருக்கிறது என்பதை அந்த உத்தரவே ஒப்புக்கொள்கிறது.

சட்டப்படி இந்த விலக்கு ஒரு நேரத்தில் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். கிளிண்டனுக்குப் பிறகு வந்த அதிபர்களும், கட்சி மாறினாலும், அதே இடத்துக்கு அதே விலக்கைக் கொடுத்தார்கள்.

தள்ளுபடி

1996இல் மாவட்ட நீதிமன்றம் கழிவுச் சட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. அரசு ரகசியத்தைத் தொடாமல் மனுதாரர்கள் தங்கள் வழக்கை நிரூபிக்கவே முடியாது என்பது காரணம். 1998 ஜனவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கழிவுச் சட்டத்திலேயே அதிபரின் விலக்குக்கு வழி இருக்கும்போது, அதற்கு மேல் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக உருவான ரகசிய விலக்குரிமை எதற்கு என்று மனுதாரர் தரப்பு கேட்டது. கழிவுச் சட்டம் அந்த விலக்குரிமையை நீக்கிவிடவில்லை என்று நீதிமன்றம் பதில் சொன்னது. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் தகவல்கள்கூட ஒன்றுசேர்ந்தால் ரகசியத்தின் முழு உருவத்தைக் காட்டிவிடும் என்ற வாதத்தையும் ஏற்றது. 1998 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. வழக்கு அத்தோடு முடிந்தது.

அந்தப் பழைய வழக்கு

இந்தத் தீர்ப்புகள் நின்ற அடித்தளத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரசு ரகசிய விலக்குரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953இல் ரெனால்ட்ஸ் வழக்கில் நிலைநாட்டியது. 1948 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் வேய்கிராஸ் அருகே ஒரு பி-29 விமானம் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிவிலியன் பொறியாளர்களும் இருந்தார்கள். அவர்களில் மூவரின் மனைவியர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார்கள், அதில் விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானத்தில் ரகசியக் கருவி இருந்தது, அறிக்கையைத் தர முடியாது என்றது விமானப்படை. நீதிபதிகள் அந்த அறிக்கையைத் தாங்கள்கூடப் படித்துப் பார்க்காமல் அரசின் சொல்லை ஏற்றார்கள்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், இறந்த பொறியாளர் ஒருவரின் மகளுக்கு அந்த அறிக்கை கிடைத்தது. அது ரகசியப் பட்டியலிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. அதில் ரகசியக் கருவியின் விவரம் எதுவும் இல்லை. இன்ஜினில் தீப்பிடித்ததும், செய்திருக்க வேண்டிய பராமரிப்பு வேலை செய்யப்படாததும் இருந்தன. குடும்பங்கள் மீண்டும் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2003இல் மறுத்தது, கீழ்நிலை நீதிமன்றங்களும் பழைய தீர்ப்பை மாற்றவில்லை.

குரூம் ஏரி வழக்கில் 1996இலும் 1998இலும் தீர்ப்பெழுதிய நீதிபதிகளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் அரசின் ரகசியப் பிரமாணப் பத்திரங்களைப் படித்துத்தான் முடிவெடுத்தார்கள், அந்த வகையில் 1953ஐவிட ஒரு படி மேல். ஆனாலும் அந்தப் பத்திரங்களை எழுதியவர் வழக்கில் ஒரு தரப்பு. எதிர்த்தரப்பு பார்க்காத, மறுக்க முடியாத ஒரு காகிதத்தை அவர்கள் நம்ப வேண்டியிருந்தது. 1953இன் காகிதம் என்னவாக முடிந்தது என்று தெரிந்த பிறகு, அந்த நம்பிக்கையை என்னால் அதே அளவில் வைக்க முடியவில்லை. இறந்த தொழிலாளர்களின் மனைவியரின் வழக்கை, இறந்த பொறியாளர்களின் மனைவியரின் வழக்கைக் கொண்டே மூடினார்கள் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

பிறகு நடந்தவை

ரகசியம் மெல்ல மெல்லத் தானாகவே கரைந்தது. தளத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வாய்ப்பிருந்த மலைமுகடுகளை 1995இல் விமானப்படை பொதுமக்களுக்கு மூடியது உண்மைதான். அப்புறம் செயற்கைக்கோள் படங்கள் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கின. 2013 ஆகஸ்டில், வரலாற்று ஆய்வாளர் ஜெஃப்ரி ரிச்செல்சன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதிலாக, யு-2, ஏ-12 திட்டங்களைப் பற்றிய தன் உள் வரலாற்றை சிஐஏ வெளியிட்டது. அதில் ஏரியா 51 என்ற பெயரும் அதன் இடத்தைக் காட்டும் வரைபடமும் மறைக்கப்படாமல் இருந்தன. உலகம் முழுவதும் அது தலைப்புச் செய்தியானது. வேற்றுக்கிரகவாசிகள் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த வரலாறு 1974இல் முடிகிறது, 1980களின் குழிகளைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே.

ரகசிய விலக்குரிமையிலும் சில அசைவுகள் இருந்தன. அதைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்த 2008இல் செனட்டில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 2009 செப்டம்பரில் ஒபாமா அரசின் நீதித்துறை ஒரு கொள்கையை அறிவித்தது: சட்டமீறலை மறைக்கவோ அரசுக்குச் சங்கடம் நேராமல் தடுக்கவோ இந்த விலக்குரிமையைக் கோரக்கூடாது, அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது நிர்வாகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி, பாதிக்கப்பட்டவர் அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது.

எரிகுழி என்ற விஷயம் வேறு வழியில் திரும்பி வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கத் தளங்களில் கழிவைத் திறந்த குழியில் எரித்தார்கள், ஈராக்கின் பலாத் தளத்துக் குழி அதில் பேர்போனது. திரும்பி வந்த வீரர்கள் மூச்சு நோய்களோடும் புற்றுநோயோடும் போராடினார்கள். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2022 ஆகஸ்டில் பாக்ட் சட்டம் கையெழுத்தானது. அந்தப் பகுதிகளில் பணியாற்றியவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால், அதற்குக் குழிதான் காரணம் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை, அரசே அப்படி எடுத்துக்கொள்ளும். குரூம் ஏரித் தொழிலாளர்களுக்குத் தேவைப்பட்டது இதுவேதான். பாக்ட் சட்டம் படைவீரர்களுக்கானது. ஒப்பந்தத் தொழிலாளியை அது தொடுவதில்லை.

எவை மாற வேண்டும்

முதலாவது மருத்துவம், எனக்கு மிக அவசரமாகத் தெரிவதும் அதுதான். ரகசியத்தை அறியும் அனுமதி பெற்ற பொறியாளர் இருக்கிறார், சமையல்காரர் இருக்கிறார், லாரி ஓட்டுநர் இருக்கிறார். அதே அனுமதி பெற்ற மருத்துவரை வெளியிலிருந்து நியமித்து, தொழிலாளி அவரிடம் எல்லாவற்றையும் பேசலாம், அவரும் பீப்பாயின் உள்ளடக்கப் பட்டியலைப் பார்க்கலாம் என்று விதி வைத்திருந்தால், ஒரு வரிகூட வெளியே கசியாமல் சிகிச்சை நடந்திருக்கும். வழக்கே தேவைப்பட்டிருக்காது. எந்த ரகசியத் தளத்திலும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே அந்த மருத்துவரின் பெயரையும் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நீதிமன்றம் ஒரு தரப்பின் பத்திரத்தை மட்டும் நம்பாமல் இருக்க வழி செய்வது. ரகசிய அனுமதி பெற்ற சுதந்திரமான நிபுணர் ஒருவரை நீதிபதி தளத்துக்கு அனுப்பி, உரிமம் இல்லாமல் கழிவு எரிக்கப்பட்டதா என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்கலாம். எந்தப் பூச்சு, எந்த விமானம் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் முகமை உள்ளே போய் வந்தது இது சாத்தியம் என்பதைக் காட்டுகிறது. மூடியது பதிலை வெளியே தரும் பாதைதான்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விலக்கிலும் ஒரு நிபந்தனை வேண்டும். தளம் அந்த ஆண்டில் கழிவுச் சட்டத்தைக் கடைப்பிடித்தது என்று முகமை எழுதிக் கொடுத்தால் மட்டுமே அடுத்த ஆண்டுக்கு விலக்கு என்றிருந்தால், வருடாந்திரக் கையெழுத்து வெறும் சம்பிரதாயமாக மாறியிருக்காது.

தொழிலாளர் தரப்பில் ஒன்று மட்டும் சொல்ல முடியும். வழக்கில் எஞ்சி நின்ற ஒரே பௌதிகச் சான்று, அந்த 57 வயதுக்காரரின் திசு ஆய்வுதான். அரசு அதை ரகசியமாக்க முடியவில்லை, ஏனென்றால் அது தளத்தைச் சேர்ந்ததல்ல, அவருடைய உடலைச் சேர்ந்தது. ரசாயன வெளிப்பாடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உயிரோடு இருக்கும்போதே இரத்தமும் திசுவும் வெளி ஆய்வகத்தில் சோதித்து, தேதியோடு அறிக்கையை வைத்துக்கொள்வது நல்லது. அதைச் செய்வதற்கு எந்த ரகசியத்தையும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.